பேட்டைப் பக்கமும் திரும்பட்டும் அந்த வண்டிகள்!

போர்க்களத்தில் காலையோ கையையோ கண்ணையோ இழந்து திரும்பிய சிப்பாய்களுக்காக, மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய் நிதி திரட்டுவது இன்று பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. நம் நாட்டிலும் அந்த வழக்கம் வேர் பிடித்து வருகிறது. காஷ்மீரில் கிளம்பிக் கன்னியாகுமரியில் முடிக்கிறவர்களும் உண்டு. குமரியில் கிளம்பி லடாக்கில் முடிக்கிறவர்களும் உண்டு. வண்டியின் முன்னால் மூவர்ணக் கொடி, பின்னால் மூட்டை முடிச்சு, வழியெல்லாம் வரவேற்பு, பத்திரிகையில் படம்.

இந்த முயற்சியை நாம் வரவேற்கிறோம், வாழ்த்துகிறோம். விடுமுறையையும் பெட்ரோல் காசையும் செலவிட்டு, முன்பின் அறியாத ஒரு சிப்பாய்க்காக வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டுகிற வாலிபர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? நமக்கு வராது. ஆனால், வாழ்த்தோடு நிறுத்திக்கொண்டால் நம் கடமை முடிந்துவிடாது. இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். காயம்பட்டவனுக்குச் சேரவேண்டிய பணம் உண்டியலில் ஏன் திரட்டப்பட வேண்டும்? இது முதற் கேள்வி. அந்த வண்டிகள் பறக்கிற சாலையில் காயம்பட்டவன் குடியிருக்கிறானா? இது இரண்டாவது கேள்வி.

இரண்டாவது கேள்விக்கு விடை நெல்லைச் சீமையிலேயே கிடைக்கிறது. ஆகவே அதையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

நான்கு வழிச் சாலையும் பேட்டைச் சாலையும்

ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிகிற 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைதான் இந்தியாவிலேயே மிக நீளமானது. வடக்கேயிருந்து வருகிற வண்டி கங்கைகொண்டானைக் கடந்ததும், நெல்லை மாநகரைத் தொட்டும் தொடாமலும், பாளையங்கோட்டைக்கு ஓரமாக நழுவி, நாங்குநேரி, வள்ளியூர் வழியாகக் குமரிமுனைக்குப் போய்விடுகிறது. நல்ல சாலை; வேகமான சாலை. ஆனால் பேட்டை அந்தச் சாலையில் இல்லை.

பேட்டை எங்கே இருக்கிறது? நெல்லை டவுனுக்கு மேற்கே, சேரன்மகாதேவி போகிற சாலையில் இருக்கிறது. ம.தி.தா. இந்துக் கல்லூரியும், அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும், சிட்கோ தொழிற்பேட்டையும் உள்ள ஊர் அது. தென்காசி ரயில் போகிற ஊர். பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் நிறைந்த ஊர். பேட்டையைத் தாண்டினால் சுத்தமல்லி, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் என்று தாமிரபரணிப் படுகை நெடுகிலும் ஊர்கள். ராணுவத்துக்குப் போனவனும், போய்த் திரும்பி வந்தவனும் இப்படிப்பட்ட ஊர்களின் தெருக்களில்தான் இருக்கிறான். நான்கு வழிச் சாலையின் நடுத்திட்டில் இல்லை.

யாருக்காக வண்டி ஓடுகிறதோ அவன் வீட்டுத் தெருவுக்குள் அந்த வண்டி வருவதில்லை. இதுதான் நாம் சொல்ல வந்த குறை. வாகனம் ஓட்டுகிற வாலிபர்கள் மீது சொல்லுகிற குறை அல்ல இது. வழியை வகுக்கிறவர்கள், பச்சைக் கொடி காட்டுகிறவர்கள், மேடை போடுகிறவர்கள் எல்லோரும் யோசிக்க வேண்டிய குறை.

வண்டி வீட்டு வாசலுக்கு வரமுடியும் என்பதற்கு ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. கார்கில் போரின் 25ஆம் ஆண்டை ஒட்டி, 2024 ஜூன் 12ஆம் தேதி நமது ராணுவம் மூன்று மோட்டார் சைக்கிள் குழுக்களை அனுப்பியது. கிழக்கே அஸ்ஸாமின் டின்ஜானிலிருந்து ஒன்று. மேற்கே குஜராத்தின் துவாரகையிலிருந்து ஒன்று. தெற்கே நமது தனுஷ்கோடியிலிருந்து ஒன்று. மூன்றும் டில்லியில் கூடி, அங்கிருந்து கார்கில் போர் நடந்த திராஸ் மலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. போகும் வழியில் முன்னாள் படைவீரர்களையும், போரில் மாண்டவர்களின் மனைவியரையும் சந்திப்பதும் அந்தப் பயணத்தின் நோக்கம் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல நோக்கம். அந்த நோக்கத்தைத்தான் இன்னும் நாலு அடி முன்னே கொண்டுபோக வேண்டும் என்கிறோம்.

மாண்டவர் 527, காயம்பட்டவர் 1,363

கார்கில் போரைப் பற்றிப் பேசுகிறபோதெல்லாம் 527 பேர் உயிர்த் தியாகம் செய்தார்கள் என்று நினைவு கூர்கிறோம். கூரத்தான் வேண்டும். அதே போரில் காயம்பட்டவர்கள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால் எத்தனை பேருக்கு விடை தெரியும்? 1,363 பேர். மாண்டவர் ஒருவர் என்றால், காயம்பட்டவர் இரண்டரைப் பேருக்கும் மேல். மாண்டவருக்குக் கல் இருக்கிறது. கல்லிலே பெயர் இருக்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் மாலை இருக்கிறது. காயம்பட்டவனுக்கு என்ன இருக்கிறது? ஒரு நாள் மாலை போட்டால் அவன் பசி அடங்கிவிடுமா? 365 நாளும் அவன் சாப்பிட வேண்டும். பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டும். பொய்க்கால் தேய்ந்தால் மாற்ற வேண்டும்.

மறதி எவ்வளவு நீளமானது என்பதற்கு முரளிகாந்த் பேட்கரே சாட்சி. மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த அந்த ராணுவ வீரர் 1965 யுத்தத்தில் குண்டுகள் பாய்ந்து இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனார். முடங்கிப் போகவில்லை, நீந்தக் கற்றார். 1972ல் ஜெர்மனியின் ஹைடல்பர்க் நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் போட்டியில், 50 மீட்டர் நீச்சலில் தங்கப் பதக்கம் வாங்கினார். அவருக்குப் பத்மஸ்ரீ பட்டம் எப்போது வந்தது தெரியுமா? 2018ல். அதாவது 46 ஆண்டு கழித்து! தங்கம் வென்று தேசத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் நிலையே இது என்றால், பேர் தெரியாத ஊரிலே ஊன்றுகோலோடு நடக்கிறவன் நிலையைச் சொல்ல வேண்டுமா?

ஒரு சின்னக் கணக்கு

இப்போது முதற் கேள்விக்கு வருவோம். உண்டியல் பணம் எவ்வளவு தூரம் போகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் 4,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய். ஒரு வண்டிக்குப் பெட்ரோலே 13,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. நூறு வண்டி போனால் 13 லட்சம். சாப்பாடு, தங்குமிடம், பழுதுபார்ப்பு எல்லாம் தனி. இவ்வளவு செலவழித்து, இதைவிடப் பல மடங்கு திரட்டினால்தான் பயணத்துக்குப் பொருள் உண்டு.

மறுபக்கம் பாருங்கள். பென்ஷன் இல்லாத, 65 வயது கடந்த, வறுமையில் வாடுகிற முன்னாள் சிப்பாய்க்கு மாதம் 4,000 ரூபாய் உதவித் தொகை இருந்தது. 2025 நவம்பரிலிருந்து அதை 8,000 ஆக உயர்த்தியிருக்கிறார்கள். உயர்த்தியது நல்லதே. ஆண்டுக்கு 96,000 ரூபாய். நூறு வண்டியின் பெட்ரோல் பணம் இப்படிப்பட்ட 14 பேருக்குக்கூட ஓராண்டுக்கு முழுசாகப் போதாது! யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

இன்னொன்றையும் வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த 8,000 ரூபாய் எங்கிருந்து வருகிறது? கொடிநாள் நிதியிலிருந்து வருகிறது. 1949லிருந்து ஆண்டுதோறும் டிசம்பர் 7ஆம் தேதி கொடிநாள் கொண்டாடுகிறோமே, சட்டைப் பையிலே காகிதக் கொடியைக் குத்திக்கொண்டு வாத்தியாரும் குமாஸ்தாவும் மாணவனும் கடைக்காரரும் போடுகிறார்களே, அந்தப் பணம்! சிப்பாயைப் படைக்கு எடுத்தது சர்க்கார். எல்லைக்கு அனுப்பியது சர்க்கார். அவன் வயோதிகத்தில் வறுமைப்பட்டால் சோறு போடுவது மட்டும் பொதுஜன உண்டியலா?

பொதுஜனம் கொடுக்கத் தயங்குகிறது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. தமிழன் கை நீண்ட கைதான். 1962ல் சீனா படையெடுத்தபோது எம்.ஜி.ஆர். 75,000 ரூபாய் கொடுத்தார். அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. 1999ல் கார்கில் போரின்போது தமிழகம் 50 கோடி ரூபாய் திரட்டி மூன்று தவணைகளில் கொடுத்தது. கொடுக்கிறவர்களுக்குக் குறைவில்லை. கொடுக்க வேண்டியவர் எப்போது கொடுப்பார் என்பதுதான் கேள்வி.

விழுப்புண்ணும் விசாரணைக் குறிப்பும்

போரிலே பட்ட காயத்துக்குத் தமிழிலே தனிப் பெயர் உண்டு. விழுப்புண் என்றார்கள். விழுமிய புண்; பெருமைக்குரிய புண். போரில் மாண்டவன் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். அதற்கு உதிரப்பட்டி என்று பெயர். கல்வெட்டிலே அந்தச் சொல் இருக்கிறது. சிந்திய உதிரத்துக்கு விட்ட பட்டி! அது பிச்சை அல்ல, நன்கொடை அல்ல, தயவு அல்ல. உதிரத்தின் கணக்கு, ஊரார் அறியக் கல்லிலே வெட்டி வைத்த கணக்கு.

இன்றைய கணக்கு எப்படி இருக்கிறது? காயம்பட்ட சிப்பாயின் காகிதக் கட்டு ஆபீசுக்குப் போகிறது. ‘இந்தக் காயம் போரிலே பட்டதா? பணியிலே பட்டதா? பணியால் முற்றியதா? தானாக வந்ததா?’ என்று கேள்வி எழுகிறது. போர்க்காயம் என்று முத்திரை விழுந்து, முழு ஊனத்தோடு படையிலிருந்து விடுவிக்கப்பட்டால், காயத்துக்கான தொகை கடைசிச் சம்பளத்துக்குச் சமம். வெறும் பணிக்கால ஊனம் என்று முத்திரை விழுந்தால், முழு ஊனத்துக்கே கடைசிச் சம்பளத்தில் நூற்றுக்கு முப்பது. போனது ஒரே கால்தான். காகிதத்தில் விழுந்த முத்திரைதான் வேறு. பிரிவுகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்தப் பிரிவு என்று நிரூபிக்கிற பாரத்தை யார் தலையில் ஏற்றுகிறார்கள் என்பதுதான் விஷயம்.

இதைச் சுப்ரீம் கோர்ட்டே தெளிவாக்கிவிட்டது. 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் அது சொன்னது இதுதான்: படையில் சேர்க்கும்போது டாக்டர் பரிசோதித்து, நோய் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொண்டீர்கள் அல்லவா? பிறகு நோயோ ஊனமோ வந்தால் அது பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும். இல்லை என்றால், இல்லை என்று நிரூபிப்பது சர்க்காரின் பொறுப்பு. சிப்பாயின் பொறுப்பு அல்ல. சந்தேகம் எழுந்தால் அதன் பலன் சிப்பாய்க்கே.

2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கிலும் இன்னொரு தீர்ப்பு வந்தது. ஊனத்தின் அளவு நூற்றுக்கு ஐம்பதுக்குக் குறைவாக இருந்தால் அதை ஐம்பதாகவும், ஐம்பதுக்கு மேல் எழுபத்தைந்து வரை இருந்தால் எழுபத்தைந்தாகவும், அதற்கும் மேற்பட்டால் நூறாகவும் உயர்த்திக் கணக்கிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. இடையிலே படையிலிருந்து விடுவிக்கப்பட்டவனுக்கு மட்டுமே அந்தச் சலுகை என்று சர்க்கார் வாதாடியது. ஊனத்தோடே பல்லைக் கடித்துக்கொண்டு பணிக்காலம் முழுவதும் உழைத்து ஓய்வு பெற்றவனுக்கு இல்லையாம்! கோர்ட் அந்த வாதத்தை ஏற்கவில்லை. சர்க்கார் தரப்பில் போட்டிருந்த ஏறத்தாழ 880 அப்பீல்கள் ஒரே மூச்சில் தள்ளுபடியாயின.

இந்த விதியால் என்ன ஆகிறது என்று பார்ப்போம். விளங்குவதற்காக, ஒரு சிப்பாயின் கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய். ஊனம் நூற்றுக்கு இருபது என்று கொள்வோம். முழு ஊனத்துக்கு 12,000. இருபதுக்கு 2,400. உயர்த்திக் கணக்கிட்டால் 6,000. வித்தியாசம் மாதம் 3,600 ரூபாய். பெரிய இடத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு வேளை விருந்துச் செலவு. பேட்டையில் வாடகை வீட்டில் இருக்கிற ஒரு குடும்பத்துக்கு இதுதான் வாடகை, இதுதான் பள்ளிக்கூடச் செலவு, இதுதான் மருந்து. இந்த 3,600 ரூபாயைக் கொடுக்க மாட்டேன் என்றுதான் டில்லி வரை வழக்காடியிருக்கிறார்கள்.

880 அப்பீல் என்றால் 880 குடும்பங்கள். ஒவ்வொன்றுக்கும் வக்கீல், ஒவ்வொன்றுக்கும் வாய்தா. சர்க்காருக்குப் பணம் பொதுஜனத்தின் பணம். நேரம் யாருடைய நேரமோ! சிப்பாய்க்கோ பணம் அவன் தாலிக்கொடிப் பணம். நேரம் அவன் ஆயுள். எல்லையிலே எதிரியோடு போராடியவன் ஊருக்கு வந்து தன்னை அனுப்பிய சர்க்காரோடு போராட வேண்டுமா? 2015ல் பாதுகாப்பு மந்திரி அமைத்த நிபுணர் கமிட்டியே, இப்படி வழக்குக்கு மேல் வழக்குப் போடுவதைக் குறைக்க வழி சொல்லி அறிக்கை கொடுத்தது. வழி சொல்லியாகிவிட்டது. வழியிலே நடப்பது எப்போது?

எதிர்வாதமும் நமது பதிலும்

சர்க்கார் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை மறைப்பது நியாயமல்ல. ஊனப் பென்ஷனைத் தகுதியில்லாதவர்களும் வாங்குகிறார்கள் என்கிறார்கள். 2023ல் தணிக்கை அறிக்கையும், ஓய்வு பெறும் சிப்பாய்களைவிட அதிகாரிகளில் கூடுதலான விகிதத்தினர் ஊனப் பென்ஷன் பெறுவதைச் சுட்டிக் காட்டியது. அதே ஆண்டு செப்டம்பரில் புது விதிகள் வந்தன. முன்னாள் படைவீரர்கள் பலர் அவற்றை எதிர்த்தார்கள்.

நாம் கேட்கிறோம்: கள்ளன் இருக்கிறான் என்றால் கள்ளனைப் பிடியுங்கள், வீட்டுக்காரனை ஏன் வெளியே நிறுத்துகிறீர்கள்? மேல் பதவியில் இருந்தவர்கள் சலுகையைத் தவறாகப் பெற்றிருந்தால், அதற்கான தண்டனை கண்ணிவெடியில் காலிழந்த சிப்பாய்க்கா? சியாச்சினில் 1984லிருந்து நமது ராணுவம் காவல் நிற்கிறது. அங்கே பனியில் கருகி விரல் போனவனுக்கா? விதியை இறுக்குகிறவர்கள் கீழ்மட்டத்துச் சிப்பாயை முதலில் பத்திரப்படுத்திவிட்டு, அப்புறம் இறுக்கட்டும்.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராணுவ அகாடமிகளில் பயிற்சியின்போதே காயம்பட்டு, அதிகாரியாகும் முன்னரே வீட்டுக்கு அனுப்பப்பட்ட வாலிபர்கள் அவர்கள். 1985லிருந்து சுமார் 500 பேர் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் முன்னாள் படைவீரர் என்ற கணக்கிலேயே வரவில்லை. பென்ஷன் இல்லை; கருணைத் தொகைதான். 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் இந்த விஷயத்தைத் தானாகவே கையில் எடுத்துக் கேள்வி கேட்டது. அதே மாதத்தில் அவர்களுக்கு ராணுவ மருத்துவத் திட்டத்தைத் திறந்துவிட்டார்கள். கோர்ட் கேட்டபிறகு திறக்கிற கதவு, கேட்கும் முன்னரே ஏன் திறக்கவில்லை? கருணைத் தொகை என்ற பெயரிலேயே கோளாறு இருக்கிறது. கருணை காட்டுகிறவன் நிறுத்திக்கொள்ளலாம். கடன்பட்டவன் நிறுத்தக் கூடாது. காயம்பட்டவனிடம் தேசம் கடன்பட்டிருக்கிறது, கருணை காட்டவில்லை.

மற்ற நாடுகள் கற்றுத் தரும் பாடம்

பணக்கார நாடுகளில் எல்லாம் சரியாக நடக்கிறது என்றும் யாரும் மயங்க வேண்டாம். பிரிட்டனில் 2007ல் ‘ஹெல்ப் ஃபார் ஹீரோஸ்’ என்ற தர்ம ஸ்தாபனம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டே பிரான்சின் பழைய போர்க்களங்கள் வழியாகச் சைக்கிள் பயணம் போய்ப் பணம் திரட்டினார்கள். எதற்காக? காயம்பட்ட வீரர்களுக்குச் சிகிச்சை தரும் ஹெட்லி கோர்ட் என்ற ராணுவ நிலையத்தில் நீச்சல் குளமும் உடற்பயிற்சிக் கூடமும் கட்டுவதற்காக. ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் விமானம் விமானமாகப் படை அனுப்பிய சர்க்காரின் நிலையத்தில், காலிழந்தவன் நீந்திப் பழக ஒரு குளம் இல்லை! அதைப் பொதுஜனம் சைக்கிள் மிதித்துக் கட்டிக்கொடுத்தது. பொதுஜனத்துக்கு அது பெருமை. சர்க்காருக்கு?

அமெரிக்காவில் 1989லிருந்து வியத்நாம் போரில் ஈடுபட்டவர்கள் ஆண்டுதோறும் கலிபோர்னியாவிலிருந்து வாஷிங்டன் வரை மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். வழியிலே முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் இறங்கி, படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். இந்தப் பழக்கத்தை நாம் கற்கலாம். அதே அமெரிக்காவில், காயம்பட்ட வீரர்களுக்காக ‘வூண்டட் வாரியர் புராஜெக்ட்’ என்ற பெரிய ஸ்தாபனம் இருக்கிறது. திரட்டிய பணத்தை ஆடம்பரமாகச் செலவழித்ததாக 2016ல் பத்திரிகைகளும் டெலிவிஷனும் எழுப்பிய புகாரை அடுத்து, அதன் தலைமை நிர்வாகிகள் இருவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நன்கொடையும் சரிந்தது. சரிந்ததால் நஷ்டம் யாருக்கு? நிர்வாகிக்கா, காலிழந்தவனுக்கா? ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியவர்கள் சொன்னது இதற்காகத்தான்.

என்ன செய்ய வேண்டும்?

குறை சொல்லிவிட்டு ஒதுங்கிப் போவது நமது வழக்கமல்ல. சர்க்காருக்கும், வண்டி ஓட்டும் வாலிபர்களுக்கும், நெல்லைப் பொதுமக்களுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறோம்.

சர்க்கார் செய்ய வேண்டியது: சுப்ரீம் கோர்ட் தீர்த்துவிட்ட விஷயத்தில் இனி அப்பீல் என்ற பேச்சே கூடாது. ஒருவனுக்குக் கிடைத்த தீர்ப்பின் பலன் அதே நிலையில் உள்ள எல்லோருக்கும், அவர்கள் கோர்ட் படி ஏறாமலே, போய்ச் சேர வேண்டும். வறுமையில் வாடும் முன்னாள் சிப்பாய்க்குத் தரும் தொகை பட்ஜெட்டிலிருந்து வரவேண்டும். கொடிநாள் உண்டியல் அதற்கு மேலான உதவிகளுக்கு இருக்கட்டும். முழு ஊனமுற்றவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதற்காக ஒரு படி தருகிறார்கள். ஏழாவது சம்பளக் கமிஷன் அதை 4,500லிருந்து 6,750 ரூபாயாக உயர்த்தியது. அந்த விகிதத்தில் அப்போது நாளைக்கு 225 ரூபாய். படுக்கையில் கிடப்பவரைத் திருப்பிப் போட்டு, குளிப்பாட்டி, சோறூட்டி, இரவிலும் விழித்திருப்பவள் பெரும்பாலும் மனைவி. அவள் வேலைக்குப் போக முடியாது. இராப்பகல் உழைப்புக்கு அது ஒரு கூலியா? இந்தப் படியை விலைவாசியும் கூலியும் அறிந்து நிர்ணயிக்க வேண்டும்.

பென்ஷன் விஷயம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்ற கம்ப்யூட்டர் முறைக்குப் போய்விட்டது. ஆண்டுதோறும் உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும். விரல் ரேகை கேட்கிறார்கள்; விரலையே இழந்தவன் எதை வைப்பான்? முகத்தைக் காட்டியும் பதியலாம் என்கிறார்கள். அதற்கு நல்ல போன் வேண்டும், அதைக் கையாளத் தெரிந்த ஆள் வேண்டும். அலகாபாத்திலுள்ள பென்ஷன் ஆபீசிலிருந்து இங்கிலீஷிலும் இந்தியிலும் வருகிற கடிதத்தைச் சேரன்மகாதேவியில் இருக்கிற பெரியவர் எப்படிப் படிப்பார்? தமிழ்ச் சிப்பாயின் ரத்தத்தை ஏற்றுக்கொண்ட சர்க்கார், அவனுக்குத் தமிழிலே ஒரு கடிதம் எழுதக் கூடாதா?

வாலிபர்கள் செய்ய வேண்டியது: பயணத்தை நிறுத்த வேண்டாம்; பாதையை மாற்றுங்கள். குமரிக்குப் போகிற வழியில் நெல்லையில் ஒரு நாள் இறங்குங்கள். நான்கு வழிச் சாலையை விட்டுப் பேட்டைச் சாலையில் திரும்பி, பாபநாசம் வரை போங்கள். முன்கூட்டியே முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தோடும் சங்கங்களோடும் பேசி, ஊனமுற்ற படைவீரர்கள் இருக்கிற ஊர்களை அறிந்துகொள்ளுங்கள். அவர்கள் சம்மதித்தால் வீட்டுக்குப் போங்கள். படம் பிடிக்கப் போகாதீர்கள். காகிதத்தைப் பார்க்கப் போங்கள். ஊன அளவு சரியாகக் கணக்கிடப்பட்டிருக்கிறதா? உயர்த்திக் கணக்கிட்ட தொகை வருகிறதா? ஆயுள் சான்று பதிவாகியிருக்கிறதா? கூட ஒரு வக்கீலையும், கணக்குத் தெரிந்த ஓர் ஓய்வு பெற்ற குமாஸ்தாவையும் அழைத்துப் போங்கள். ஒருவருக்கு மாதம் 3,600 ரூபாய் உரிமைப் பணம் வாங்கிக் கொடுத்தால், பத்து ஆண்டில் அது நாலு லட்சத்து முப்பத்திரண்டாயிரம். எந்த உண்டியல் ஒரே ஆளுக்கு இவ்வளவு தரும்?

திரட்டுகிற பணத்துக்கு வரவு செலவை அச்சிட்டு, தமிழிலே, ஊர் ஊராக ஒட்டுங்கள். பெட்ரோலுக்கு எவ்வளவு, பேனருக்கு எவ்வளவு, சிப்பாய்க்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியட்டும். கணக்குக் காட்டுகிறவனுக்கு அடுத்த ஆண்டு உண்டியல் தானாக நிறையும்.

பேட்டைக்கும் ஒரு பங்கு உண்டு. மோட்டார் சைக்கிளுக்கும் ராணுவத்துக்கும் தமிழ்நாட்டில் பழைய சொந்தம். எல்லைக் காவலுக்கென்று ராணுவம் வாங்கிய புல்லட் வண்டியை இந்தியாவிலேயே உருவாக்க 1955ல் திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. இன்று நெடும்பயணம் போகிற வாலிபர்களில் பலர் ஓட்டுவது அந்த வண்டியைத்தான். பேட்டைத் தொழிற்பயிற்சி நிலையத்தில் இரும்பும் யந்திரமும் பழகுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தொழிற்பேட்டையில் பட்டறைகள் இருக்கின்றன. காலிழந்தவர் ஓட்டும்படி வண்டிக்கு இணைப்புச் சக்கரம் பொருத்துவது இந்த ஊருக்குத் தெரியாத வித்தை அல்ல. முறையான அனுமதியோடு, ஊனமுற்ற படைவீரர்களின் வண்டிகளை இங்கே செப்பனிட்டுக் கொடுக்கலாம். அவர்களிலேயே விருப்பமுள்ளவர்களுக்குத் தொழில் பழக்கலாம். புனாவிலுள்ள ராணி மேரி தொழிற்பள்ளி 1917லிருந்து ஊனமுற்ற சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுத் தருகிறது. நூறு ஆண்டுக்கு முன் வெள்ளைக்காரன் காலத்தில் புனாவில் முடிந்தது, இன்று நெல்லையில் முடியாதா? சொந்தத் தொழில் தொடங்கும் முன்னாள் படைவீரருக்குக் கடனும் மானியமும் தர, ‘முதல்வரின் காக்கும் கரங்கள்’ என்ற திட்டத்தை மாநில அரசு 2024ல் அறிவித்தது. பேட்டைப் பட்டறைக்கும் அந்தத் திட்டத்துக்கும் ஒரு பாலம் போட்டால் போதும்.

உண்டியல் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உண்டியல் அன்பின் அடையாளம், அது குலுங்கட்டும். ஆனால், உண்டியல் குலுங்குகிற சத்தத்திலே உரிமைக் குரல் அமுங்கிப்போகக் கூடாது. பொதுஜனம் போடுகிற பத்து ரூபாயைக் காட்டி, சர்க்கார் தரவேண்டிய பத்தாயிரத்தை மறைக்கக் கூடாது.

அடுத்த கொடிநாளுக்கு நெல்லைக்கு வருகிற வண்டிகள் பேட்டைப் பக்கம் திரும்பட்டும். உண்டியலோடு வருகிறவர்கள் விண்ணப்பக் கட்டோடும் வரட்டும். அந்த விண்ணப்பங்களுக்கு டில்லி பதில் எழுதட்டும், தமிழிலே எழுதட்டும், தாமதமின்றி எழுதட்டும். காயம்பட்டவன் காத்திருந்தது போதும்.